சீட்டித் துணியின் பெயரற்ற கைகள்

இலண்டன் ஆவணக் காப்பகத்தில் ஒரு சிறு துணித்துண்டு பேணப்பட்டு வருகிறது. அச்சிட்டதும் நெய்ததுமான சில துண்டுகளைக் கையால் இணைத்துத் தைத்த ஒட்டுவேலை அது. அதன்மேல் நூலால் ஓர் இதயம் தைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது முழு இதயம் அன்று, பாதி இதயம். கத்தரிக்கோல் அதன் நடுவே ஓடியிருக்கிறது.

1767ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரு தாய், கைக்குழந்தையான தம் மகனை, கைவிடப்படும் குழந்தைகளுக்கென்று தாமஸ் கோரம் என்பவர் இலண்டனில் நிறுவிய இல்லத்தில் ஒப்படைத்தார். குழந்தைக்கு அங்கே புதுப்பெயர் இடுவார்கள்; பழைய பெயர் மறைந்துவிடும். பின்னாளில் தாய் திரும்பி வந்தால் தன் பிள்ளையை அடையாளம் காட்ட ஏதேனும் ஒரு சான்று வேண்டும். எழுதப் படிக்க அறியாத எளிய பெண்கள் பலருக்கு அச்சான்று ஒரு துணித்துண்டாகவே இருந்தது. இந்தத் தாய் தாம் தைத்த இதயத்தை இரண்டாக வெட்டினார். ஒரு பாதியைப் பிள்ளையோடு விட்டார். மறுபாதியைத் தம்மோடு எடுத்துச் சென்றார். அவ்வில்லத்தின் பழைய பதிவேடுகளில் இவ்வாறான துணித்துண்டுகள் ஏறத்தாழ 5,000 இன்றும் உள்ளன.

அச்சிட்ட துணியை வெட்டி, வெட்டியதைத் தைத்து, ஒரு புதுப் பொருளை உண்டாக்கும் கலையைப் பற்றிச் சிந்திக்கும்போதெல்லாம் இந்தப் பாதி இதயம் நம் நினைவுக்கு வருகிறது. ஏனெனில் இக்கலையின் இரு செயல்களும் இதில் பச்சையாகத் தெரிகின்றன. வெட்டு என்பது இழப்பு. தையல் என்பது அவ்விழப்புக்குக் கை அளிக்கும் பதில். துணியால் ஆன ஒட்டுச்சித்திரம் ஒவ்வொன்றையும் நாம் மதிப்பிட வேண்டிய அளவுகோல் இதுவே என்பது இக்கட்டுரையின் கருத்து: அந்தத் தையல் அந்த வெட்டுக்கு என்ன பதில் சொல்கிறது?

பெயரிலேயே ஒரு பிழை

இக்கலை மிக உயர்ந்து நின்ற காலம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியும் ஆகும். இங்கிலாந்திலும் வட அமெரிக்காவிலும் வசதி படைத்த இல்லத்துப் பெண்கள், பூவும் பறவையும் மரமும் தீட்டிய சீட்டித் துணியிலிருந்து அவ்வுருவங்களை மட்டும் நுணுக்கமாக வெட்டி எடுப்பார்கள். வெண்ணிறப் பருத்தித் துணி ஒன்றை விரித்து, வெட்டிய உருவங்களை அதன்மேல் புதிய ஒழுங்கில் பரப்பி, கையால் தைத்துப் படுக்கை விரிப்பாக்குவார்கள். ஒரு முழத் துணியில் நெருங்கிக் கிடந்த மலர்கள் ஒரு பெரும் விரிப்பு முழுவதும் பரவி மூச்சுவிடும். விலையுயர்ந்த சிறு துணி ஒரு பெரிய பரப்பை அணி செய்யும்.

இதற்கு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு பிரெஞ்சுப் பெயர் வழங்கலாயிற்று: 'புரோதரி பெர்ஸ்'. பாரசீகப் பூத்தையல் என்பது அதன் பொருள். இப்பெயரில் இரண்டு பிழைகள் உள்ளன. இது பூத்தையல் அன்று, ஒட்டுத்தையல். இதில் பயின்ற மூலத்துணி பாரசீகத்தினதும் அன்று. இந்தியாவின் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணியையே பிரெஞ்சு வணிகர் நெடுங்காலமாகப் 'பெர்ஸ்' என்று அழைத்து வந்தனர். ஒரு கலையின் பெயரே அதன் பிறப்பிடத்தை மறைத்துவிடுமானால், அக்கலையைச் செய்த கைகளின் கதி என்னவாகும் என்று நாம் கேட்காமல் இருக்க முடியாது.

கத்தரிக்கோலின் இரு வழிகள்

வட இங்கிலாந்தில் லெவன்ஸ் மாளிகையில் ஒரு படுக்கை விரிப்பு உள்ளது. 1708ஆம் ஆண்டளவில் செய்யப்பட்டதாகக் கூறப்படும் அது, இங்கிலாந்தில் எஞ்சியுள்ள ஒட்டுத்துணி வேலைகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. முழுவதும் இந்தியச் சீட்டியால் ஆனது. அங்கே துணி எண்கோணமாகவும் சிலுவை வடிவாகவும் வெட்டப்பட்டு இணைக்கப்பட்டிருக்கிறது. அளவுகோல் ஆட்சி செய்கிறது. துணியில் தீட்டிய கொடி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைவிட, எண்கோணத்தின் விளிம்பு நேராக வரவேண்டும் என்பதே அங்கு முதன்மை. கண்ணுக்கு அது தரும் இன்பம், வண்ணக் கண்ணாடிச் சாளரம் தரும் இன்பம் போன்றது. தொலைவில் நின்றால் ஒழுங்கு தெரியும். அருகே சென்றால் சிதறல் தெரியும்.

பிற்காலத்து மலர் வெட்டு விரிப்புகளில் கத்தரிக்கோல் வேறு வழியில் செல்கிறது. அது தீட்டியவனின் கோட்டுக்குக் கீழ்ப்படிகிறது. இதழின் வளைவில் வளைகிறது. இலையின் பல்விளிம்பில் ஏறி இறங்குகிறது. முதலில் தீட்டிய கை எங்கெங்கே சென்றதோ அங்கெல்லாம் இரண்டாம் கை மெல்லப் பின்தொடர்கிறது. இரு கைகளுக்கும் இடையே ஒரு கடலும் பல ஆண்டுகளும் இருக்கலாம். ஒருவர் முகத்தை மற்றவர் கண்டதில்லை. ஆயினும் ஒரே கோட்டின்மேல் இருவரும் நடந்திருக்கிறார்கள்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. கொடியின் மெல்லிய நுனியையும் மலரின் நடுவே எழும் இழைகளையும் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க இயலாது. முடிபோன்ற அத்துணி பிரிந்துபோகும். ஆகவே தைப்பவர் அந்நுனியை வெட்டி விட்டுவிட்டு, உருவத்தை வெள்ளைத் துணியில் பதித்தபின், இழந்த நுனியை ஊசியால் மீண்டும் எழுதுவார். இத்தகைய விரிப்புகளை உற்று நோக்கினால், தீட்டிய காம்பு முடியும் இடத்தில் நூற்காம்பு தொடங்குவதைக் காணலாம். சாயம் நின்ற இடத்திலிருந்து இழை தொடர்கிறது. இக்கலையின் உச்சம் இதுவே என்பது எம் கருத்து. அறிமுகமில்லாத ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை இன்னொருவர் முடித்து வைப்பது போன்றது அது.

விளிம்பைத் தைக்கும் முறையும் சிந்திக்கத்தக்கது. துண்டின் ஓரத்தை உட்புறம் மடித்துத் தைத்தால் தையல் தெரியாது. ஆனால் உருவத்தில் ஒரு நூலளவு மறைந்துபோகும். மடிக்காமல் ஓரம் முழுவதும் நெருக்கமாகக் காஜா தையல் இட்டால் உருவம் முழுமையாக நிற்கும். ஆனால் தையல் வெளியே தெரியும். தன்னை மறைத்துக்கொண்டு பிறருடைய உருவத்தைச் சிறிது குறைப்பதா, தன்னைக் காட்டிக்கொண்டு பிறருடையதை முழுதாகக் காப்பதா? ஊசி பிடித்த ஒவ்வொரு கையும் இந்த முடிவை எடுத்தாக வேண்டும். எளிய வீட்டுவேலை என்று நாம் எண்ணுவதற்குள்ளும் இத்தகைய முடிவுகள் உறைந்து கிடக்கின்றன.

வெட்டுவதற்கு முன்னரே முடிந்த ஓவியம்

இக்கலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு பண்புகளைப் பாராட்டுவர். ஒன்று சிக்கனம், மற்றொன்று இல்லத்துப் பெண்களின் கற்பனை. இரண்டும் உண்மையே. ஆனால் இப்பாராட்டில், வெட்டப்பட்ட துணி ஏதோ கடையில் கிடைத்த மூலப்பொருள் போலவும், கத்தரிக்கோல் பட்ட பிறகே அது கலையானது போலவும் ஒரு தொனி உள்ளது. இங்கேதான் நாம் மாறுபட வேண்டியிருக்கிறது. வெட்டுவதற்கு முன்னரே அது முடிந்த ஓவியம்.

சோழமண்டலக் கரையில் ஒரு சீட்டி உருவான முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பாதி வெளுத்த பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு நிறத்தைப் பற்றும். பாலின் கொழுப்பு நிறம் கசியாமல் தடுக்கும். பின்பு துணியை மரக்கட்டையால் அடித்து வழுவழுப்பாக்குவர். ஊசியால் துளையிட்ட தாளைத் துணிமேல் வைத்து, கரித்தூள் முடிச்சால் தட்டி, உருவத்தின் புள்ளிக்கோட்டை இறக்குவர். இரும்பைப் புளிக்கவைத்த நீரைக்கொண்டு மூங்கில் எழுதுகோலால் கறுப்புக் கோடு எழுதுவர். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தீட்டுவர். படிகாரத்துக்கு நிறமில்லை, சாயவேர் இட்ட கொதிநீரில் துணி முழுகும்போதுதான் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும்.

அதன்பின் நீலம். நீலம் வேண்டாத இடமெல்லாம் உருகிய மெழுகைப் பூசி, துணியை அவுரித் தொட்டியில் தோய்ப்பர். பிறகு வெந்நீரில் மெழுகை நீக்கி, சிவப்பின் இளமையும் முதுமையும் தோன்றப் படிகாரத்தை மீண்டும் பல செறிவில் தீட்டி, மீண்டும் சாயவேரில் இட்டு, சாணநீரில் ஊறவைத்து வெயிலில் விரித்து வெண்மை மீட்பர். இறுதியில் நீலத்தின்மேல் மஞ்சளைத் தீட்டினால் இலை பச்சையாகும். நெய்தவர், வேர் தோண்டியவர், எழுதியவர், அவுரித் தொட்டி காத்தவர், வெளுத்தவர் எனப் பலர் கைபட்ட பொருள் அது. சோழமண்டலக் கரையின் மணற்பாங்கிலும் வட இலங்கையிலும் தோண்டப்பட்ட அந்தச் சாயவேரின் பெயர், தமிழ் ஒலி மாறாமலே ஐரோப்பிய வணிகர் நாவில் ஏறியது. வேருக்குப் பெயர் கிடைத்தது. வேரைக் கொதிக்கவைத்தவனுக்குக் கிடைக்கவில்லை.

ஒரு மறைப்பணியாளரின் மடல்

இம்முறையை ஐரோப்பா விரிவாக அறிந்தது ஒரு குருவின் வழியாக என்பது நமக்குப் பெருமையும் தரவேண்டும், சிந்தனையும் தரவேண்டும். இயேசு சபையைச் சார்ந்த அருள்தந்தை காஸ்தோன் லோராண் கேர்தூ 1732இல் இந்தியா வந்தவர். 1779இல் புதுச்சேரியில் இறந்தவர். வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவை எடுத்துக்காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் என்று மொழியியலார் போற்றுகின்றனர். அவர் 1742 ஜனவரியில் சோழமண்டலக் கரையிலிருந்து பாரிசிலுள்ள தம் சபைத் தோழருக்கு ஒரு நீண்ட மடல் எழுதினார். துணியில் வண்ணம் தீட்டும் முறையைப் படிப்படியாக விளக்கும் அம்மடல், சபையாரின் மடல் தொகுப்பில் அச்சேறிப் பலராலும் படிக்கப்பட்டது.

இச்செய்திகளை அவருக்குத் தந்தவர்கள் யார்? அத்தொழில் அறிந்த புதுக் கிறிஸ்தவர்கள். அவர்களிடம் தனித்தனியே கேட்டு, ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒப்பிட்டு எழுதியதாக அவரே தெரிவிக்கிறார். உண்மைமீது அவர் கொண்ட பற்று இதில் விளங்குகிறது. கேட்டது இன்னாரிடம் என்று மறைக்காமல், தம் அறிவு அத்தொழிலாளரிடமிருந்து வந்தது என்று ஒப்புக்கொண்டதும் அவருடைய நேர்மை. ஆயினும் அம்மடலில் கடுக்காயின் அளவு இருக்கிறது. பாலின் அளவு இருக்கிறது. சொன்னவர் பெயர் இல்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1734ஆம் ஆண்டளவில், பொலியூ என்னும் பிரெஞ்சுக் கடற்படை அலுவலர் புதுச்சேரியில் ஓர் ஓவியர் வேலை செய்வதைக் கண்டு, ஒவ்வொரு நிலையிலும் துணியின் மாதிரியை எடுத்துக் குறிப்பெழுதினார். அம்மாதிரிகள் பாரிசில் இன்றும் உள்ளன. அந்த ஓவியர் யார் என்பது அங்கும் இல்லை.

இம்மடலைப் பற்றி மிகைபடப் பேசுவதும் தவறு. ஐரோப்பியர் சீட்டியைப் போலச் செய்ய முனைந்தது 17ஆம் நூற்றாண்டிலேயே. படிகாரத்தின் பயனை அவர்கள் முன்னரே அறிவர். ஒரு மடலால் ஒரு தொழில் கடல் கடந்தது என்று கூறுவது வரலாறு ஆகாது. மேலும், கேர்தூ எழுதிய காலத்தில் பிரான்சு நாட்டில் சீட்டியை இறக்குமதி செய்வதும் அச்சிடுவதும் தடைசெய்யப்பட்டிருந்தன. 1686இல் வந்த அத்தடை 1759இல்தான் நீங்கியது. அடுத்த ஆண்டே ஓபர்காம்ப் என்பவர் மூய் ஊரில் அல்ல, பாரிசுக்கு அருகே ழூயி என்னும் ஊரில் தம் புகழ்பெற்ற அச்சுக்கூடத்தைத் தொடங்கினார்.

எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. திருமுழுக்குப் பெற்ற புதியவர் தம் குருவிடம் நம்பிக்கையோடு சொன்ன தொழில் நுணுக்கம், அவருடைய பிள்ளைகளின் வாழ்வுக்கு அடிப்படையாக இருந்த அறிவு. அது ஐரோப்பியத் தொழிலுக்குப் பயன்படட்டும் என்று அனுப்பப்பட்டபோது அவரிடம் கேட்கப்பட்டதா? கேர்தூவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமன்று. அம்மடல் இல்லையேல் அக்கைகளின் திறமையைப் பற்றி நாம் இன்று இவ்வளவு அறிந்திருக்க மாட்டோம். ஆனால் அந்த மடலும் ஒருவகை வெட்டுத்தான். அறிவை அறிந்தவரிடமிருந்து பிரித்து எடுத்து, வேறொரு துணியில் தைத்து வைத்தது அது. தையல் நேர்த்தியானது. விளிம்பில் ஒரு பெயர் மட்டும் மடிந்து உள்ளே போய்விட்டது.

சட்டமும் கலப்பும்

வெட்டிய சீட்டிக்கு அத்தனை மதிப்பு வந்ததில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. தம் நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளரைக் காக்கவென்று இங்கிலாந்து 1700இல் இந்திய வண்ணத் துணியின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 1719இல் இலண்டன் நெசவாளர் தெருவில் சீட்டி உடுத்திச் சென்ற பெண்களின் ஆடையைக் கிழித்தனர். 1721இல் வந்த சட்டம் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையும் படுக்கைக்குப் பயன்படுத்துவதையுமே தடுத்தது. 1774இல்தான் அது நீக்கப்பட்டது. ஓர் ஏழை நெசவாளனின் பசி மற்றோர் ஏழைச் சாயக்காரனின் தொழிலைக் கிழித்தது. அழகிய பொருளின் பின்னே இத்தகைய போராட்டங்கள் இருந்தன என்பதை மறந்து நாம் பூக்களை மட்டும் பார்ப்பது முறையாகாது.

அதே வேளையில், சோழமண்டலக் கரையின் ஓவியம் எவர் கலப்பும் இல்லாத தூய பொருள் என்று கற்பனை செய்துகொள்வதும் தவறே. வணிகக் குழுவின் இலண்டன் இயக்குநர்கள் 1643இலேயே சூரத்திலிருந்த தம் அலுவலர்க்கு எழுதி, சிவப்புப் பின்புலத்தைக் குறைத்து வெண்மையான பின்புலத்தில் பூக்கள் வேண்டும் என்று கேட்டனர். பின்னர் ஐரோப்பிய மாதிரிகளும் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. பாறைக்குன்றின்மேல் வளைந்து எழும் புகழ்பெற்ற உயிர்மரச் சீட்டியில் சீனமும் பாரசீகமும் இங்கிலாந்தும் இந்தியாவும் கலந்திருக்கின்றன. ஒரே மரத்தில் பலவேறு நாட்டு மலர்கள் பூக்கின்றன. கத்தரிக்கோல் படுவதற்கு முன்பே அது மனத்தளவில் ஓர் ஒட்டுச்சித்திரந்தான். ஆகவே எடுத்தாள்வது குற்றமில்லை. எடுத்தாண்டதை எவ்வாறு நடத்துகிறோம் என்பதே வினா.

பூச்சாடியும் மூன்றாவது கையும்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜான் ஹியூசன் (1744–1821) என்னும் துணி அச்சாளர் வாழ்ந்தார். பெஞ்சமின் பிராங்கிளின் ஊக்கத்தால் 1773இல் இங்கிலாந்திலிருந்து குடிபெயர்ந்தவர். விடுதலைப் போரில் ஈடுபட்டவர். 1788 ஜூலை 4 அன்று பிலடெல்பியாவில் நடந்த பெரும் ஊர்வலத்தில் ஊர்தி ஒன்றின்மேல் துணி அச்சிடும் தொழிலை மக்கள் காணச் செய்து காட்டினார். அவருடைய மனைவியும் பெண்மக்களும் அவர் அச்சிட்ட துணியையே உடுத்திச் சென்றனர். அச்சுக்கட்டையால் அவர் கையால் பதித்த பூச்சாடி உருவத்தைப் பெண்கள் வெட்டி எடுத்து, விரிப்பின் நடுவே பதித்துச் சுற்றிலும் பறவைகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் தைத்தனர். அத்தகைய விரிப்புகளுள் ஒன்று பிலடெல்பியா கலைக்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்பூச்சாடி உண்மையிலேயே அழகு. மலர்கள் நெருக்கமாக எழுந்தும் ஒன்றையொன்று நெருக்கவில்லை. தைத்தவர்கள் அதற்குத் தந்த இடமும் மரியாதை மிக்கது. சுற்றிலும் வெண்வெளி விட்டு, பீடத்தின்மேல் வைப்பதுபோல் வைத்திருக்கிறார்கள். இங்கே அச்சாளரின் பெயர் நிலைத்துவிட்டது. ஏன் நிலைத்தது? அவர் தொழில் நடத்தியவர், குடிமகனாக ஊர்வலத்தில் நின்றவர், எழுத்தில் பதிந்தவர். சோழமண்டலக் கரையில் அதே வேலையைச் செய்தவருக்குத் திறமை குறைவு இல்லை. பெயரைப் பதிவதற்கு ஓர் ஊர்வலம் அமையவில்லை.

பால்டிமோர் நகரில் அக்சா குட்வின் வில்கின்ஸ் (1775–1854) என்னும் அம்மையார் இத்தகைய விரிப்புகள் பலவற்றை உருவாக்கியவராகப் புகழ்பெற்றவர். தோல் நோயால் அவரால் தாமே தைக்க இயலவில்லை என்றும், துண்டுகளை அடுக்கும் அமைப்பை அவர் வகுத்துக் கொடுக்கக் கறுப்பினப் பெண்கள் தைத்தனர் என்றும் அக்குடும்பத்தார் சொல்லி வந்தனர். அமைப்பில் அவருக்கு இருந்த கண் அரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் நாம் மேலே வியந்த அந்தக் காஜா தையலும் மடிப்புத் தையலும் யாருடைய விரல்கள்? அடிமை முறை நிலவிய மண்ணில், பருத்தியைக் கொய்த கைகளும் ஊசி பிடித்த கைகளும் ஒரே இனத்துக் கைகளாக இருந்தன. விரிப்பின் மூலையில் அப்பெண்களின் பெயர் இல்லை.

ஆக, ஒரே விரிப்பில் குறைந்தது மூன்று கைகள் உள்ளன: தீட்டிய கை, அமைத்த கை, தைத்த கை. ஒரு கைக்குப் பெயர் கிடைக்கும்போது மற்ற இரண்டும் மறைந்துபோவது இக்கலையின் வரலாறு முழுவதும் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. இது தையலின் குறை அன்று. நம் பார்வையின் குறை. அருங்காட்சியகத்தின் பெயர்ச்சீட்டில் பெயர் இல்லாதவர் நம் சிந்தனையிலும் இல்லாமற்போக வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

இன்று

இன்று இக்கலையைப் புதிதாகக் கைக்கொள்வோர் உலகெங்கும் உள்ளனர். தாமே கட்டை செதுக்கி, தாமே துணியில் பதித்து, தாமே வெட்டித் தைப்பவர்களும் அவர்களுள் உண்டு. மூன்று கைகளும் ஒருவருடையதாகிவிட்டால் மேலே எழுப்பிய வினா தானே தீர்ந்துவிடும் என்று தோன்றலாம். ஓரளவுக்கே அது உண்மை. தம் அச்சைத் தாமே வெட்டும்போது எதை இழக்கிறோம் என்பது கைக்குத் தெரியும். அதனால் வெட்டில் பொறுப்பு வரும். ஆனால் கட்டையில் அச்சிடும் அறிவும் காரம் கலக்கும் அறிவும் பலருடைய கைவழி வந்தவையே. தனி ஒருவருடைய கலை என்று எதுவும் துணியில் இல்லை.

நம் பகுதியிலும் துணியில் எழுதும் மரபு அழிந்துவிடவில்லை. அரியலூர், தஞ்சாவூர் வட்டாரங்களைச் சார்ந்த கருப்பூர் கலம்காரி ஓவியம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. கோயில் தேரில் தொங்கும் தொம்பைகளில் துணி ஓவியமும் ஒட்டுத்தையலும் இன்றும் நம் கண்முன் அசைகின்றன. ஊருக்குப் பெயர் கிடைத்தது நன்று. தனித்தனிக் கைவினைஞர்க்கும் அது கிடைக்க வேண்டும்.

நம் ஆலயங்களின் திருப்பொருள் அறைகளைத் திறந்து பார்த்தால் அங்கும் இதே நிலைதான். பீட விரிப்புகள், திருவுடைகள், திருவிழாக் கொடிகள். பழைய உடையின் பூவேலை தேயாத பகுதியை வெட்டிப் புதுத் துணியில் பதித்துத் தைத்தவை அவற்றுள் எத்தனை! நன்கொடையாளர் பெயரை ஓரத்தில் பொறிக்க நாம் மறப்பதில்லை. கண் வலிக்க இரவில் அமர்ந்து தைத்த சகோதரியின் பெயரையோ பங்கின் எளிய தாய் ஒருத்தியின் பெயரையோ எழுதி வைத்திருக்கிறோமா? திருத்தூதர் பணிகள் நூலில் யோப்பா நகரின் தபித்தா இறந்தபோது, கைம்பெண்கள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியவை அவர் செய்து தந்த ஆடைகளையே. தைத்த கையை ஆடையோடு சேர்த்தே அப்பெண்கள் நினைவில் வைத்திருந்தனர். தைத்தவரின் பெயர் நம் மறைநூலில் நின்றுவிட்டது.

எனவே, கையால் அச்சிட்டு, வெட்டித் தைத்த ஒரு துணிச் சித்திரத்தின்முன் நிற்கும்போது மூன்று வினாக்களைக் கேட்டுப் பழகுவோம். இது முதலில் யாருடைய துணி? வெட்டியவர் அதன் கோட்டை மதித்தாரா? தைத்தவர் இழந்ததை எவ்வாறு ஈடுசெய்தார்? இவ்வினாக்களுக்கு விடை கிடைக்காத இடத்திலும், கேட்பதே ஒரு நீதி. நிறப்பொருத்தமும் அமைப்பும் அதற்குப் பின்னரே.

பாதி இதயத்தின் கதையை முடிக்காமல் விட்டோம். அவ்வில்லம் 1741 முதல் 1760 வரை ஏற்றுக்கொண்ட 16,282 குழந்தைகளுள் பெற்றோர் திரும்பி வந்து மீட்டவர்கள் 152 பேர் மட்டுமே. மற்றவர்களின் துணித்துண்டுகள் பதிவேட்டில் அப்படியே தங்கிவிட்டன. ஆனால் 1767இல் ஒப்படைக்கப்பட்ட அச்சிறுவனைத் தேடி, எட்டு ஆண்டுகள் கழித்து, 1775 ஜூன் திங்களில் அவன் தாய் சாரா பெண்டர் வந்தார். அவன் அங்கே வேறு பெயரில் வளர்ந்திருந்தான். அவனை அவருக்கு அடையாளம் காட்ட அந்தத் துணி காத்திருந்தது. அவர் மகனை அழைத்துக்கொண்டு வீடு திரும்பினார்.